ஆதிமொழிக்குக் குடை கொடுத்தவர்

போன வாரம் உங்கள் ஸ்டூடியோவுக்கு என்னைக் கூப்பிட்டு, புது விளையாட்டுக்காக நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஆதிமொழியைத் திரையில் காட்டினீர்கள். பெயர்ச்சொல் அட்டவணை ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. வேற்றுமை உருபுகள் மட்டும் பதினெட்டு. ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று வரிசை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "இதில் பானைக்கு என்ன சொல்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். இன்னும் வைக்கவில்லையாம். பானையே இல்லை, அதற்குப் பதினெட்டு மூடி தயார்.

கிண்டல் செய்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தொழிலுக்கு ஒரு பெயர்கூட இல்லாத காலத்திலேயே இதில் இறங்கியவன் நான். "இல்லாத மொழியைச் செய்கிறவன்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். கேட்கிறவர் என் தலையை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஓய்வு பெற்றபின் அறிவுரை சொல்லும் வியாதி எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அறிவுரையாகச் சொன்னால் மறந்துவிடுவீர்கள். ஆவடியில் மழை பெய்த ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். அதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மொழியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் திருகாணி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். படித்தது ஒன்று, பார்த்தது ஒன்று. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு நாடகக்குழு வைத்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரர், கோயம்புத்தூர்க்காரர், உள்ளூர்க்காரர் என்று எல்லா ஊர் ஆட்களும் அதில் உண்டு. இயக்குநர் மதுரைப் பக்கத்து ஆள். தொழிற்சாலையில் வரைபடம் போடும் பிரிவில் வேலை. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டதால் நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

அந்த வருஷத்து நாடகப் போட்டிக்கு மாஸ்டர் எழுதிய நாடகம் இதுதான். ஏரிக்கரையில் ஒரு தாய். அவளுக்கு இரண்டு மகன்கள். அவர்கள் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். தாய் இருக்கிற சாமான்களையெல்லாம் பங்கு பிரித்துக் கொடுக்கிறாள். பல தலைமுறை கழித்து, இருவரின் சந்ததியும் அதே ஏரிக்கு வந்து தண்ணீருக்காக மோதுகின்றன. அதற்குள் இரண்டு கூட்டத்தின் பேச்சும் வேறு வேறாகிவிட்டது. இரண்டுக்கும் மூலமான ஒரு பேச்சு வேண்டும்; அதில்தான் முதல் காட்சி முழுக்க நடக்க வேண்டும், ஒரு வார்த்தைகூடத் தமிழ் வரக்கூடாது என்பது மாஸ்டரின் பிடிவாதம். "பார்க்கிறவனுக்குப் புரியணும். ஆனா தமிழ் வரக்கூடாது. முடியுமா தம்பி?" என்று கேட்டார். எனக்குக் கை துறுதுறுத்தது.

நான் கொண்டுபோன முதல் வரைவும் உங்களுடையதைப் போலத்தான் இருந்தது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பின்னால் உருபுகள் நீளமாக வரிசை கட்டி நின்றன. மாஸ்டர் பொறுமையாகப் பார்த்தார். "என்னப்பா, பேருக்கு இம்புட்டு வாலு? கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கு. என் ஆளுக ஷிஃப்ட் முடிஞ்சு களைச்சு வருவாக. அவுகளுக்கு வாயில நிக்கிற மாதிரி குடு." அதோடு விட்டாரா? "பார்க்கிறவனுக்கு எது முதல்ல தெரியணும்? இது என்ன பொருள், இது யாரோடது. அம்புட்டுத்தேன். பாகப்பிரிவினைக்கு வேற என்ன வேணும்?"

அந்த ஒரு கேள்வியில்தான் என் மொழி பிறந்தது. வாலை எல்லாம் வெட்டிப்போட்டேன். மிச்சம் நின்றது இவ்வளவுதான். பாத்திரம் குனா. நெருப்பு தெகி. கூரை, நிழல் தருகிற எதுவும் லவா. குழந்தை மிரு. தண்ணீர் சுலா. படகுக்கு மோரி என்று வைத்திருந்தேன். படகைத் தூக்கிக்காட்டி மோரி என்றால் மொத்த ஆவடியும் சாக்கடையை நினைத்து விசிலடிக்கும் என்று எங்கள் நடிகை விசாலம் எச்சரித்ததால், அது எசோ ஆயிற்று. பெரியது என்பதற்கு வோ; அது பொருளுக்குப் பின்னால் வரும். குனா வோ என்றால் பெரிய பாத்திரம். பன்மைக்கு உருபு கிடையாது. மூச்சு விடுகிறவற்றை மட்டும் இரண்டு தரம் சொல்லலாம். மிரு மிரு என்றால் குழந்தைகள். பானைகள் எத்தனை இருந்தாலும் பானைதான்.

உடைமைக்கு மட்டும் கொஞ்சம் கவனமெடுத்தேன். நான் என்பது நெ, நீ என்பது கி. கொடுக்கக் கூடிய பொருளென்றால் நடுவில் ஓ வரும்: நெ ஓ குனா, என்னிடம் இருக்கிற பாத்திரம். கொடுக்க முடியாதவை உண்டல்லவா? குழந்தை, தாய், கை, பெயர். அவற்றுக்கு நடுவில் எதுவும் வராது, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நெமிரு, என் குழந்தை. தண்ணீருக்கு மட்டும் முன்னால் யாரும் நிற்க முடியாது. ஒட்டவும் ஒட்டாது, ஓ வைத்தும் வராது. என் தண்ணீர் என்று அந்த ஆதிமொழியில் சொல்லவே வழியில்லை. பின்னால் வந்த இரண்டு கூட்டத்தின் பேச்சிலும் அதைச் சொல்லப் பழகிவிட்டார்கள், அதனால்தான் சண்டை. இதைக் கேட்டதும் மாஸ்டர் எழுந்து வந்து என் தோளைக் கட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஒத்திகையில் ஒரு தொல்லை. தமிழ் நாக்கல்லவா, பெரிய பாத்திரம் என்று வோவை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். எத்தனை தரம் திருத்தினாலும் மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பொருள் கையில் இல்லாமல் யாரும் அந்தச் சொல்லை வாயிலெடுக்கக் கூடாது. முதலில் பானையைத் தூக்கு, குனா என்று சொல். பிறகு கையை விரித்துக்காட்டு, வோ என்று சொல். பிரமாதமாக வேலை செய்தது. டீக்கடையில் உட்கார்ந்து வசனம் சொல்லிப்பார்க்கக்கூட அவர் யாரையும் விடவில்லை. பார்க்கிறவர்களும் இப்படித்தான் கற்றுக்கொள்வார்கள், தூக்கிக்காட்டினால் தானாகப் புரிந்துவிடும் என்றார். அந்த வழியிலேயே ஒரு குழி இருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இனி விசாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அவருக்காகத்தான். தாய் வேடம் அவருக்கு. சொந்த ஊர் வேப்பம்பட்டு. சீருடை தைக்கும் தொழிற்சாலையில் தையல் வேலை. ஒத்திகைக்கு வரும்போது புடவையில் காக்கி நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். மேடையில் அவர் சும்மா நின்றாலே பார்க்கத் தோன்றும். அப்படியொரு நிற்பு. நாடகத்தில் வரும் குழந்தையை, துண்டுத் துணிகளைத் திணித்து அவரேதான் தைத்தார்.

அவருடைய கணவர் தணிகாசலம், நூம்பல்காரர், தொழிற்சாலையில் ஃபிட்டர். கெட்டவர் இல்லை. ஒத்திகை முடியும் நேரத்துக்கு சைக்கிளோடு வாசலில் வந்து நிற்பார். ஆனால் முந்தின வருஷம் விசாலம் ஒரு காமெடி நாடகத்தில் நடித்தபின், ஒர்க் ஷாப்பில் அவரை ஓட்டி எடுத்துவிட்டார்கள். "இன்னா மாமே, உன் ஊட்டுக்காரி நேத்து ஷோக்கா சிரிக்க வச்சுது" என்று ஒருத்தர் விடாமல் கேட்டால் மனுஷன் என்ன செய்வார்? இந்த வருஷம் புரியாத பாஷையில் நாடகம் என்று கேள்விப்பட்டதும் நேராக வந்து எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"மாஸ்டர், நீங்களே சாட்சி. இந்தத் தபா இவளைப் பாத்து ஒரு ஆளு சிரிச்சாலும் இதோட க்ளோஸ். அப்பால ட்ராமா கிராமான்னு யாரும் ஊட்டாண்ட வரக்கூடாது."

நாங்கள் வாயைத் திறக்குமுன் விசாலமே பதில் சொன்னார். "சரிய்யா. நீ சொன்னா மாதிரியே ஆவட்டும். ஒருத்தன் சிரிச்சா நான் இறங்கிக்கிறேன்."

தணிகாசலம் போனபிறகு, ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று விசாலத்திடம் கேட்டேன். "வேற இன்னா சார் பண்றது? ஊடும் வேணும், மேடையும் வேணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. உடனே புடவையிலிருந்த நூல் பிசிறை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

போட்டி நாள். ஐப்பசி மழை. காலையிலிருந்து விடாமல் கொட்டியது. ஆவடியில் ஒரு சமூகக் கூடத்தில் நாடகம். எங்கள் சாமான்களெல்லாம் நூம்பலில் தணிகாசலத்தின் பங்காளி ஒருவர் கொடுத்திருந்த கொட்டகையில் இருந்தன. மண்பானைகள், படகு, தோல் கூரை, கயிறு, துணிக்குழந்தை, எல்லாம் ஒரே டெம்போவில் வந்துகொண்டிருந்தது. ஏழுமலை என்று ஒருவர் ஓட்டினார். நாங்கள் முன்னதாகவே வந்து முகப்பூச்சுப் பூசி உட்கார்ந்திருந்தோம். கூடத்து ஆபீஸ் அறையில் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"அண்ணாத்தே, ஏழுமலை பேசறேன். காடுவெட்டியாண்ட மாட்டிக்கினேன். கூவத்துல தண்ணி ரொம்பி ரோட்டு மேல ஓடிக்கினு கீது. போலீஸ்காரரு ஒரு வண்டியும் உட மாட்டேன்றாரு. சாமானு பத்திரமா கீது, நான்தான் நனைஞ்சிக்கினு கீறேன்."

"எப்ப விடுவாங்களாம்?"

"தண்ணி இறங்கினாதான். நாளைக்குத்தான் நைனா."

போனை வைத்துவிட்டு வந்து சொன்னேன். மூத்த மகனாக நடித்தவர், "பரவாயில்ல, கையில இருக்கிற மாதிரி நடிச்சுடலாம்" என்று தைரியம் சொல்லிவிட்டு, பானையைத் தூக்குவது போலக் கையைத் தூக்கினார். வாய் திறக்கவில்லை. கையைப் பார்த்தார். குனா என்ற சொல், அவர் எத்தனையோ தரம் சொன்ன சொல், வரவே இல்லை. இளைய மகன் முயன்றார். தெகி என்பதற்குப் பதிலாக லவா என்றார். நாங்கள் பழக்கிய பழக்கம் அப்படி. கை காலியானதும் வாயும் காலி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்திருந்தோம்.

குழுச் செயலாளர் நடைமுறை தெரிந்தவர். "போன வருஷக் காமெடியைப் போட்டுடலாம். எல்லாருக்கும் மனப்பாடம், சாமானும் வேணாம்" என்றார். தப்பான யோசனை இல்லை. குழுவின் மானம் தப்பிக்கும். ஆனால் காமெடி என்றால் சிரிப்பார்கள். சிரித்தால் விசாலத்தின் கதை முடிந்தது. ஆதிமொழியை வெறுங்கையோடு போட்டால், ஒரு பெண் காற்றைத் தூக்கிக்காட்டிப் புரியாமல் உளறுகிறாள் என்று அதற்கும் சிரிப்பார்கள். அங்கிட்டுப் போனாலும் இடி, இங்கிட்டுப் போனாலும் இடி. எல்லோரும் அவரைப் பார்க்காத மாதிரி வேறெங்கோ பார்த்தோம்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. திரைக்குப் போய் ஓரத்தை விலக்கிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டரும் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"மாஸ்டர், இங்க பாருங்களேன். எல்லா சாமானும் வந்துகீது."

நானும் எட்டிப் பார்த்தேன். மழையில் வந்த கூட்டம். ஒவ்வொரு காலிடுக்கிலும் சொட்டுகிற குடை. பிளாஸ்க், டிபன் கேரியர், கூஜா, டார்ச் லைட். மடிமடியாகக் குழந்தைகள்.

மாஸ்டர் உடனே பிடித்துக்கொண்டார். ஆனால் தலையாட்டிவிடவில்லை. "இறங்கிப் போய் வாங்கணும். நாடகத்துல யாரும் அப்படிச் செஞ்சதில்ல. போன உடனே சிரிப்பாய்ங்க, விசாலம். அது நிச்சயம். அதுக்கப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. நான் உன்னைய இறங்கச் சொல்ல மாட்டேன். காமெடியும் போட மாட்டேன். வேணாம்னு சொல்லு, மழைன்னு சொல்லி நாடகத்தையே நிறுத்திடுறேன். நீ குடுத்த வாக்குக்கும் பழுது வராது."

கவனியுங்கள். எங்கள் குழுவுக்கு அந்தப் போட்டியை விட்டால் அடுத்த வருஷம் கூடத்தில் இடம்கூடக் கிடைத்திருக்காது. அதைத் தெரிந்தும், ஒருத்தியின் வாழ்க்கையைப் பணயம் வைக்க அவளுக்குத்தான் உரிமை என்று ஒதுங்கி நின்றார் அந்த மனுஷன். நெருக்கடியில் வேகமாக முடிவெடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த முடிவு தன்னுடையது இல்லை என்று தெரிந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விசாலம் கொஞ்சம் யோசித்தார். "சிரிச்சுட்டுப் போறாங்க மாஸ்டர். நான் எறங்கறேன்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "மொதல்ல அவராண்டதான் போவேன் சார். அவர் குடுக்கலேன்னா வேற யார் குடுத்து இன்னா புண்ணியம்?" என்றார்.

திரை விலகியது. வெறும் மேடை. விசாலம் வந்து நின்றார். படியிறங்கி, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்தின் முன்னால் போய் நின்றார். அவர் முழங்கால்களுக்கு நடுவே கறுப்புக் குடை. அதைத் தொட்டார்.

"லவா."

தணிகாசலம் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், கூடம் வெடித்தது. பின் வரிசையிலிருந்து யாரோ, "குடுத்துடு மாமே, உடாது!" என்று கத்த, விசில் பறந்தது. பந்தயத்தில் தோற்றாயிற்று. ஒரு ஆள் இல்லை, ஊரே சிரித்தது.

விசாலம் அசையவில்லை. சிரிப்பு அடங்குகிறவரை அப்படியே நின்றார். பிறகு அவரைச் சுட்டி, "கி ஓ லவா" என்றார். கையை நீட்டி, தன்னைச் சுட்டி, மெதுவாகக் கேட்டார். "நெ ஓ லவா?"

உன் குடை, என் குடையாகுமா? ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தணிகாசலம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நாங்கள் ஒத்திகையில் பார்த்திராத ஒரு முகம் அது. குடையை நீட்டினார்.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அடுத்த அம்மா கேட்குமுன்பே கூஜாவைக் கொடுத்தார். "குனா" என்றார் விசாலம். மூன்றாவது ஆளின் டிபன் கேரியருக்குக் கூட்டமே குனா என்றது. நான்கு அடுக்குக் கேரியர் ஒன்று வந்ததும் கையை விரித்து "குனா வோ" என்றார். அடுத்த பெரிய பாத்திரத்துக்கு, பின் வரிசைப் பையன்கள் "குனா வோ" என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஒருவன்கூட வோவை முன்னால் வைக்கவில்லை. டார்ச் லைட் தெகி ஆயிற்று. மகன்களாக நடித்தவர்கள் கைக்குப் பொருள் வந்ததும் அவர்கள் வாய்க்குச் சொல்லும் வந்துவிட்டது. பாகப்பிரிவினை ஜரூராக நடந்தது.

துணிக்குழந்தை மட்டும் இல்லை. அது ஏழுமலையின் டெம்போவில் இருந்தது. காட்சியின் உற்சாகத்தில் ஒரு இளம் தாய் எழுந்து தன் கைக்குழந்தையையே நீட்டிவிட்டாள். கூட்டம் சிரித்தது. விசாலம் கிட்டே போனார். "மிரு" என்று அதன் கன்னத்தைத் தொட்டார். வாங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, நீட்டிய கைகளை அப்படியே திருப்பி, குழந்தையை அந்தத் தாயின் மார்போடு சேர்த்துவைத்தார்.

"கிமிரு" என்றார்.

நடுவில் ஓ இல்லை. அந்தச் சின்ன வித்தியாசம் எத்தனை பேர் காதில் விழுந்ததோ எனக்குத் தெரியாது. விழ வேண்டிய அவசியமும் இல்லை. சில பொருளைக் கொடுக்கலாம், சிலதைக் கொடுக்க முடியாது என்று கூடம் முழுக்கப் புரிந்து அமைதியாகிவிட்டது. அந்த விதியை எழுதியவன் நான். ஆனால் அது நாடகத்தில் இல்லாத இடம். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் கட்டிய மொழியில் எனக்கே தெரியாத ஒரு வாக்கியத்தை ஒருவர் வாழ்ந்து காட்டியதை முதல் முறையாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு தொண்ணூறுகளில் தொலைக்காட்சிக்கும் மற்ற இடங்களுக்கும் எத்தனையோ மொழி செய்தாயிற்று. அந்த நிமிஷம் மறுபடி வாய்க்கவே இல்லை.

கடைசிக் காட்சியில் தண்ணீர்ப்பானை வேண்டும். விசாலம் பக்கத்துக் கதவைத் திறக்கச் சொல்லிச் சைகை செய்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பழைய பேச்சு ஞாபகமிருக்கிற கிழவியாக வாசலில் நின்று கையை மழையில் நீட்டினார். சண்டை போடும் இரண்டு கூட்டமும் பின்னால். "சுலா" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "நெ..." என்று தொடங்கி நிறுத்தினார். மறுபடி, "நெ..." மேலே போக வழியில்லை. உள்ளங்கையில் தேங்கிய நீர் விரலிடுக்கு வழியாக வழிந்துபோவதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

பரிசு ஒரு காமெடி நாடகத்துக்குப் போயிற்று. அதில் ஆச்சரியமில்லை, நல்ல காமெடிதான்.

நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பெயர்ச்சொல்லுக்கு எத்தனை உருபு வைக்கலாம் என்றீர்கள். வையுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் விளையாடுகிறவன் கைக்கு முதலில் ஒரு பொருளைக் கொடுங்கள். அது யாருடையது, அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று அவன் தவிக்கிற மாதிரி ஒரு சந்தர்ப்பத்தைக் கொடுங்கள். மிச்சத்தை அவனே கற்றுக்கொள்வான். கூடவே, உங்கள் வழி எவ்வளவு நல்ல வழியாக இருந்தாலும், டெம்போ வராத நாளில் அது என்ன ஆகும் என்று ஒருமுறை யோசித்துவையுங்கள்.

நாடகம் முடிந்து, விசாலம் முகப்பூச்சோடு இறங்கி வந்து எல்லோர் சாமானையும் திருப்பிக் கொடுத்தார். "நெ ஓ குனா!" "நெ ஓ தெகி!" என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடி வாங்கிப் போனார்கள். கூடம் காலியாயிற்று. கடைசியில் அவர் கையில் குடை மட்டும் இருந்தது. அதற்குள் அது காய்ந்துவிட்டிருந்தது. தணிகாசலம் வாசல்படியில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் மாஸ்டரும் சற்றுத் தள்ளி நின்றோம். கிட்டே போகத் தைரியமில்லை.

விசாலம் குடையை நீட்டினார். "இந்தாய்யா. சிரிச்சாங்க. நான் சொன்ன சொல்லு சொல்லுதான். இதோட எறங்கிக்கிறேன்."

தணிகாசலம் குடையை வாங்கவில்லை.

"நானுந்தான் சிரிச்சேன்" என்றார். "அதை வச்சிக்க. அடுத்த ட்ராமாவுக்கு வேணும்ல?"

சொல்லிவிட்டு, வெறுந்தலையோடு மழையில் இறங்கிக் குவார்ட்டர்ஸ் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். விசாலம் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"குடையை விரிம்மா, நனையறே!" என்று மாஸ்டர் கத்தினார்.

விசாலம் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். முகப்பூச்செல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

"ட்ராமா சாமானு மாஸ்டர், நனையக்கூடாது!"